கணினி கேள்வி – பதில்: அழைக்காமல் முன்னே வரும் எடிட்டர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே குறையைச் சொல்பவை. வேறொரு மென்பொருளில் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, பின்னால் திறந்து கிடந்த எடிட்டர் (நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்று உரைக் கோப்புகளைத் திருத்தும் மென்பொருள்) தானாக முன்னே வந்து, மிச்ச எழுத்துகளை எல்லாம் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது என்பதே அந்தக் குறை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன். அழுத்தும் விசை எந்தச் சாளரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இயங்குதளம் குறித்து வைத்திருப்பதை ஃபோகஸ் என்றே எல்லாரும் சொல்கிறோம். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பில் போடும் மென்பொருளில், சேமிக்கலாமா என்று கேட்கும் பெட்டியில் ‘ஓகே’ கொடுத்தவுடன், சில நேரங்களில் அந்த மென்பொருள் பின்னால் போய், நோட்பேட் பிளஸ் பிளஸ் முன்னால் வந்து நிற்கிறது. கவனிக்காமல் அடுத்த பில்லின் எண்களை அடித்துக்கொண்டே போனால், எல்லாம் நான் அதில் திறந்து வைத்திருக்கும் விலைப்பட்டியலுக்குள் விழுகின்றன. நோட்பேட் பிளஸ் பிளஸை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்தும் பயனில்லை. வைரஸாக இருக்குமோ என்று முதலாளி பயப்படுகிறார்.

பதில்: வைரஸ் என்று சந்தேகிக்க நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றும் இல்லை. ‘ஓகே கொடுத்தவுடன்’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான தடயம். அதை வைத்துப் பார்த்தால், குற்றம் நோட்பேட் பிளஸ் பிளஸின் மீது இல்லை, பில் மென்பொருளின் மீது இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

விண்டோஸில் இப்படி ஒரு கேள்விப் பெட்டி திறந்திருக்கும் வரை, அதற்குப் பின்னால் இருக்கும் முதன்மைச் சாளரம் எந்த விசைக்கும் சொடுக்குக்கும் அசையாதபடி முடக்கி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ஓகே கொடுத்ததும் நிரல் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். முதலில் முதன்மைச் சாளரத்தின் முடக்கத்தை நீக்க வேண்டும். அதன் பிறகே பெட்டியை அழிக்க வேண்டும். நிரல் எழுதியவர் இந்த வரிசையை மாற்றி, பெட்டியை முதலில் அழித்துவிட்டு முடக்கத்தைப் பின்னால் நீக்கியிருந்தால், இடைப்பட்ட மிகச் சிறு நேரத்தில் விண்டோஸ் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொள்கிறது. ஃபோகஸ் வைத்திருந்த பெட்டி போய்விட்டது. அதை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். உரிமையுள்ள முதன்மைச் சாளரமோ இன்னும் முடங்கிக் கிடக்கிறது. எனவே சாளரங்களின் அடுக்கில் அடுத்ததாக, முடக்கப்படாமல் இருக்கும் ஏதோ ஒரு சாளரத்தைத் தேடிப் பிடித்து அதனிடம் கொடுத்துவிடுகிறது. உங்கள் கணினியில் அந்த இடத்தில் இருப்பது நோட்பேட் பிளஸ் பிளஸ். அது எதையும் பறிக்கவில்லை. கையில் திணித்ததை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அதனால்தான் அதை நீக்கி நிறுவியும் பயனில்லாமல் போயிற்று.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. கால்குலேட்டரைத் திறந்து வையுங்கள்; அதன் பிறகு டாஸ்க்பாரில் பில் மென்பொருளைச் சொடுக்கி முன்னால் கொண்டுவாருங்கள். இப்போது அடுக்கில் மேலே பில் மென்பொருள், அடுத்து கால்குலேட்டர், அதற்கும் கீழே நோட்பேட் பிளஸ் பிளஸ் என்று இருக்கும். வழக்கம்போல் பில் போடுங்கள். அடுத்த முறை இதே கோளாறு வரும்போது கால்குலேட்டர் முன்னால் வந்து நின்றால், நான் மேலே சொன்னதுதான் காரணம் என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லலாம். அப்போதும் கால்குலேட்டரைத் தாண்டி நோட்பேட் பிளஸ் பிளஸ்தான் வருகிறது என்றால், அதை வேறு ஏதோ ஒரு நிரல் பெயர் சொல்லி அழைக்கிறது என்று பொருள்; அதற்கான வழியை இரண்டு கேள்விகளுக்குப் பிறகு பார்க்கலாம்.

உடனடி நிவாரணம், வேலை நேரத்தில் நோட்பேட் பிளஸ் பிளஸை மினிமைஸ் செய்து வைப்பது. மினிமைஸ் செய்த சாளரத்தை விண்டோஸ் இந்தத் தேர்வில் கணக்கில் எடுப்பதில்லை. விலைப்பட்டியல் கண்முன் இருந்தே தீர வேண்டும் என்றால், அந்தக் கோப்பை எடிட் மெனுவில் உள்ள ரீட்-ஒன்லி வசதியைக் கொண்டு பூட்டிவிடுங்கள். ஃபோகஸ் தாவினாலும் விலைகள் கெடாது. நிரந்தரத் தீர்வு மென்பொருளை எழுதியவரிடம்தான் இருக்கிறது. அவருக்குப் புகார் அனுப்பும்போது, ‘சில நேரங்களில் வருகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே மென்பொருளில் ஒரு பெட்டி சரியான வரிசையிலும் இன்னொரு பெட்டி தவறான வரிசையிலும் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். ஆகவே எந்தப் பெட்டியை மூடும்போது வருகிறது என்பதைக் குறித்து, ‘பெட்டியை அழிப்பதற்கு முன்பே முதன்மைச் சாளரத்தின் முடக்கத்தை நீக்குங்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள். விண்டோஸுக்கு நிரல் எழுதிப் பழகியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யும் மொழிபெயர்ப்பாளர். வேர்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போது எடிட்டர் முன்னால் வந்துவிட்டால், அதற்குள் விழும் வரிகள் தமிழில் இல்லாமல் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக இருக்கின்றன. ஒரே கணினி, ஒரே விசைப்பலகை, ஏன் இப்படி? அந்த வரிகளை மீட்க முடியுமா?

பதில்: விண்டோஸ் 8 முதல், தேர்ந்தெடுத்த உள்ளீட்டு மொழி எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவானது என்பதே இயல்பான அமைப்பு. அதற்கு முன்பு ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு மொழியை வைத்திருந்தது. அந்தப் பழைய முறையை விரும்புபவர்களுக்காக, விசைப்பலகைக்கான மேம்பட்ட அமைப்புகளில், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் வெவ்வேறு உள்ளீட்டு முறையைப் பயன்படுத்த அனுமதிக்கும் தேர்வு ஒன்று இன்றும் இருக்கிறது. உங்கள் கணினியில் அது இயக்கப்பட்டிருக்க வேண்டும். வேர்டு தமிழிலும் எடிட்டர் ஆங்கிலத்திலும் இருப்பதால், ஃபோகஸ் தாவிய கணத்தில் மொழியும் தாவிவிடுகிறது. உங்களைப் போல் இரண்டு மொழிகளில் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு அந்தத் தேர்வு உண்மையில் வசதியானதுதான். இந்தக் கோளாறுக்காக அதை அணைக்க வேண்டியதில்லை.

வரிகளை மீட்கலாம். எடிட்டரில் விழுந்திருப்பவை நீங்கள் அழுத்திய விசைகளேதான். எடுத்துக்காட்டாக, தமிழ் என்ற சொல்லைத் தமிழ்99இல் அடித்திருந்தால், எடிட்டரில் எல், கே, எஸ், சாய்கோடு, எஃப் என்று ஐந்து குறிகள் வரிசையாக இருக்கும். எல் என்பது த, கே என்பது ம, எஸ் என்பது இ, சாய்கோடு ழ, எஃப் புள்ளி. அந்தக் குப்பையைப் பார்த்தபடியே தமிழ் முறையில் அதே விசைகளை மறுபடியும் அழுத்தினால் வாக்கியம் திரும்பக் கிடைத்துவிடும். ஓரிரு வரிகள் என்றால் இதுவே போதும்; ஒரு பத்தி என்றால், நினைவிலிருந்து புதிதாக எழுதுவதுதான் விரைவு.

கேள்வி: சர்வரில் நடப்பவை வரி வரியாகப் பதிவாகும் லாகு கோப்புகளை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து வைத்திருப்பேன். அந்தச் சாளரத்துக்குத் திரும்பும்போதெல்லாம், கோப்பை வேறொரு நிரல் மாற்றியிருக்கிறது, மீண்டும் ஏற்றலாமா என்று பெட்டி வருகிறது. ஒருமுறை வேகத்தில் என்டர் விசை பட்டு, நான் குறிப்பு எழுதி வைத்திருந்த கோப்பு பழையபடி ஆகிவிட்டது. இதை நிறுத்த முடியாதா?

பதில்: முடியும். நீங்கள் அந்தச் சாளரத்துக்குள் நுழையும்போது, வட்டிலுள்ள கோப்பும் திறந்திருக்கும் கோப்பும் ஒன்றுதானா என்று நோட்பேட் பிளஸ் பிளஸ் சரிபார்க்கிறது, வேறுபட்டால் கேட்கிறது. சேமிக்காத மாற்றங்கள் உங்களிடம் இருந்தால், ஏற்றினால் அவற்றை இழப்பீர்கள் என்ற எச்சரிக்கையும் அந்தப் பெட்டியில் இருக்கும். ஆனால் விரைந்து தட்டச்சு செய்பவரின் கை, கண் அதைப் படிப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறது. ஒரு பெட்டி திடீரென்று தோன்றும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விரலின் என்டரைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது தவறான வடிவமைப்பு என்பது என் கருத்து. இந்த ஒரு எடிட்டர் மட்டும் இப்படி நடந்துகொள்வதில்லை.

லாகு கோப்புகளை நீங்கள் திருத்தப் போவதில்லை, பார்க்க மட்டுமே வேண்டும் என்பதால், வியூ மெனுவில் உள்ள மானிட்டரிங் வசதியை அந்தக் கோப்புக்கு இயக்குங்கள். கோப்பு வளர வளர, கேள்வி கேட்காமல் கடைசி வரியைக் காட்டிக்கொண்டே இருக்கும். எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக மாற்ற விரும்பினால், பிரிஃபரன்ஸ் சாளரத்தின் மிஸ்க் பகுதியில் கோப்பின் நிலையைத் தானாகக் கண்டறிவதற்கான அமைப்பு இருக்கிறது. அங்கேயே, கேட்காமல் புதுப்பிக்கும் தேர்வும் உண்டு. அந்தத் தேர்வைக் குறிப்பேடுகளுக்கும் சேர்த்து இயக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் குறிப்பை லாகு கோப்புக்குள்ளேயே எழுதாமல் தனிக் கோப்பில் எழுதுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது.

கேள்வி: விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஃபோர்கிரவுண்ட்-லாக்-டைம்அவுட் என்ற மதிப்பை மாற்றினால் எந்த நிரலும் முன்னால் தாவாது என்று நண்பர் சொன்னார். போய்ப் பார்த்தால் அது ஏற்கெனவே 2,00,000 என்று இருக்கிறது. ஆனாலும் எடிட்டர் தாவத்தான் செய்கிறது. மதிப்பை இன்னும் கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்டுவதால் பெரிய பலன் இருக்காது, காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விண்டோஸ் 95 காலத்தில், எந்த நிரலும் எந்த நேரத்திலும் தன் சாளரத்தை முன்னால் கொண்டுவந்துவிடலாம். அதனால் வந்த தொல்லை பொறுக்க முடியாமல், விண்டோஸ் 98இலும் விண்டோஸ் 2000இலும் மைக்ரோசாஃப்ட் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. நீங்கள் கடைசியாக விசையையோ சுட்டியையோ தொட்ட பிறகு குறிப்பிட்ட நேரம் வரை, வேறு நிரல் முன்னால் வர முயன்றால் அனுமதி கிடையாது. அதற்குப் பதிலாக டாஸ்க்பாரில் அதன் பொத்தான் மினுக்கும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் பார்த்த மதிப்பு மில்லிநொடிகளில் சொல்கிறது. 2,00,000 என்றால் 200 நொடிகள், அதாவது 3 நிமிடம் 20 நொடி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ட்வீக் யுஐ என்ற சிறு கருவியில் இதை ஒரே சொடுக்கில் மாற்ற முடிந்தது. நண்பரின் அறிவுரை அந்தக் காலத்திலிருந்து புழங்கி வருவதுதான். அந்த மதிப்பு 0 என்று இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். ஏதோ ஒரு மென்பொருள் தன் வசதிக்காகக் கதவைத் திறந்து போட்டிருக்கிறது என்று பொருள். அப்போது பழைய மதிப்பைக் கொடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

கட்டுப்பாடு இருந்தும் எடிட்டர் எப்படி வருகிறது என்பதே உங்கள் கேள்வியின் உயிர்நாடி. கட்டுப்பாட்டுக்கு விதிவிலக்குகள் பல. இப்போது முன்னால் இருக்கும் நிரல் தானே வேறு சாளரத்தை முன்னிறுத்தலாம். தான் தொடங்கிவைத்த நிரலுக்கு அந்த உரிமை தானாகவே போய்ச் சேரும். மூன்றாவது நிரல் ஒன்றுக்கு அனுமதி எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. இந்த முறையான வழிகள் போதாதென்று, முன்னால் இருக்கும் சாளரத்தின் உள்ளீட்டு வரிசையோடு தன்னை ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையும் தந்திரத்தையும் சில நிரலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கதவை எவ்வளவு நேரம் பூட்டி வைத்தாலும், சாவி வைத்திருப்பவர் வந்து போய்க்கொண்டுதான் இருப்பார்.

எடிட்டர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்றவை, தனியாகச் சொல்லாவிட்டால், ஒரே ஒரு பிரதியாகவே இயங்கும். ஏற்கெனவே ஒன்று திறந்திருக்கும்போது யாராவது ஒரு கோப்பைக் கொடுத்து அதை மறுபடியும் தொடங்கினால், இரண்டாவது பிரதி கோப்பின் பெயரை முதலாவதிடம் கொடுத்து, அதை முன்னால் வரச் சொல்லிவிட்டுத் தான் மறைந்துவிடும். விண்டோஸ் 11இன் நோட்பேடும் கோப்புகளைப் புதிய டேப் பக்கமாகத் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், திறந்திருக்கும் சாளரத்திலேயே கொண்டுவந்து சேர்க்கும். எனவே எடிட்டர் முன்னால் வந்தால், அதை யாரோ எங்கிருந்தோ ஒரு கோப்போடு தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் முதல் ஊகமாக இருக்க வேண்டும். கோப்புகளைச் சர்வருக்கு ஏற்றியிறக்கும் எஃப்டிபி மென்பொருள், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்யும்போது அவற்றுக்கான குறிப்பை (கமிட் செய்தி) கேட்கும் கிட் என்ற கருவி, நேரம் குறித்து ஓடும் பேட்ச் கோப்பு (கட்டளைகளின் தொகுப்பு) ஆகியவையே நான் முதலில் சந்தேகிப்பவை.

அழைத்தவரைப் பிடிக்க, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரு சிறு நிரல் போதும். நொடிக்கு ஒருமுறை, முன்னால் இருக்கும் சாளரம் எந்தச் செயல்முறைக்கு உரியது என்று விண்டோஸிடம் கேட்டு, நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அலுவலகத்தில் நிரல் தெரிந்த யாரிடம் கேட்டாலும் எழுதித் தந்துவிடுவார். தாவல் நடந்த நேரம் தெரிந்ததும், நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரைத் திறந்து, கடைசியாக ஓடிய நேரம் என்ற நெடுவரிசையில் அதே நேரம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். வேலைகளின் முழு வரலாறு அங்கே இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டு ஒரு நாள் காத்திருந்தால் படம் தெளிவாகும். ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிடத்தில் எடிட்டர் வருகிறது என்றால், இவ்வளவுகூடத் தேவையில்லை, கடிகாரமே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: லினக்ஸில் கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துகிறேன். ஈமேக்ஸ் எடிட்டரை சர்வராக ஓடவிட்டு, அஞ்சல்களைச் சேகரிக்கும் என் ஸ்கிரிப்ட் வழியாக ஈமேக்ஸ்கிளையண்ட் மூலம் கோப்புகளை அதில் திறக்கிறேன். ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் உலாவியை மறைத்துக்கொண்டு ஈமேக்ஸ் முன்னால் வந்துவிடுகிறது. கோப்பு திறந்தால் போதும், சாளரம் வரக்கூடாது.

பதில்: அழைப்பவர் யாரென்று உங்களுக்கே தெரிந்திருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. கிளையண்ட் வழியாக ஒரு பஃபரை (ஈமேக்ஸில் ஏற்றப்பட்ட கோப்பை) காட்டும்போது, அது இருக்கும் ஃபிரேமை, அதாவது சாளரத்தை, மேலே உயர்த்த வேண்டுமா என்பதை சர்வர்-ரெய்ஸ்-ஃபிரேம் என்ற மாறி முடிவு செய்கிறது. இயல்பாக அது ‘ஆம்’ என்றே இருக்கும். உங்கள் தொடக்கக் கோப்பில் அதை nil (‘இல்லை’) என்று வைத்துவிடுங்கள். கமிட் செய்தி எழுதுவதற்கும் இதே சர்வரைப் பயன்படுத்துபவராக இருந்தால், அப்போது சாளரம் தானாக வராதது எரிச்சலூட்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்படியானால் மாறியைத் தொடாமல், ஸ்கிரிப்டை மட்டும் மாற்றுங்கள்: கோப்பின் பெயரைக் கொடுப்பதற்குப் பதிலாக, கோப்பைத் திரையில் காட்டாமல் பஃபராக மட்டும் ஏற்றும் லிஸ்ப் கோவையை ஈவால் விருப்பத்தின் வழியாக அனுப்பினால் போதும். எனக்குப் பிடித்த வழி இதுதான். முன்னால் வரக்கூடாது என்ற தேவை அந்த ஸ்கிரிப்டுக்கு மட்டுமே உரியது. அதற்கான மாற்றமும் அங்கேயே இருப்பது நல்லது.

இன்னொரு பாதுகாப்பும் கேடிஇயில் இருக்கிறது. சாளரங்களின் நடத்தைக்கான அமைப்பில், ஃபோகஸ் பகுதியில், ஃபோகஸ் பறிப்பைத் தடுப்பதற்கு இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று ஐந்து நிலைகள் உண்டு. இயல்பான நிலை குறைவு. எல்லாவற்றுக்கும் சேர்த்து நிலையை உயர்த்தினால், நீங்களே விரும்பித் திறக்கும் சாளரங்கள்கூடப் பின்னால் பதுங்கத் தொடங்கும். ஆகவே சாளர விதிகளுக்குச் சென்று ஈமேக்ஸுக்கு மட்டும் நிலையை உயர்த்துங்கள். எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துபவர்களுக்கு விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் இதே தடுப்பு ஒற்றைத் தேர்வாக இருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பில், பின்னால் தயாரான சாளரம் முன்னால் வராமல், ‘தயார்’ என்று ஓர் அறிவிப்பு மட்டும் காட்டப்படும். அந்த அறிவிப்பையே தொல்லையாக நினைத்து, உடனே ஃபோகஸைக் கொடுத்துவிடும் நீட்சியை நிறுவிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பிறகு எடிட்டர் தாவுகிறது என்று எழுதுகிறார்கள். க்னோம் பயனர்கள் முதலில் நீட்சிகளின் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தத் தடுப்பு எப்படி முடிவெடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ் 11 முறையில், ஒவ்வொரு நிரலும் தன் சாளரத்தைப் பயனர் கடைசியாக எப்போது தொட்டார் என்ற நேரக்குறியை வைத்திருக்கும். புதிதாக முன்னால் வர விரும்பும் சாளரத்தின் நேரக்குறி, இப்போது நீங்கள் தட்டச்சு செய்யும் சாளரத்தின் நேரக்குறியைவிடப் பழையதாக இருந்தால், சாளர மேலாளர் அதை மறுத்துவிடலாம். நேரக்குறியைச் சரியாகப் பராமரிக்காத நிரல்களிடம் இந்தக் கணக்கு தடுமாறும். அதற்குப் பின் வந்த வேலேண்ட் முறையில் ஏற்பாடே வேறு: எந்த நிரலும் தன்னைத் தானே முன்னிறுத்த முடியாது, பயனரின் சொடுக்கையோ விசையையோ பெற்ற நிரல் ஓர் அனுமதிச் சீட்டை வாங்கி, மற்றதிடம் கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்டிலிருந்து ஓடும் கிளையண்டிடம் அப்படிப்பட்ட சீட்டு இருக்காது. எனவே வேலேண்டுக்கு மாறினால் உங்கள் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடக்கூடும். நீங்கள் எக்ஸ் 11இலேயே இருப்பதானால், எக்ஸ்பிராப் கட்டளையை ரூட் சாளரத்தின் (எல்லாச் சாளரங்களுக்கும் அடியில் இருக்கும் பின்னணிச் சாளரம்) மீது ஸ்பை விருப்பத்தோடு ஓடவிட்டு, தற்போதைய சாளரம் என்ற பண்பைக் கண்காணித்தால், ஃபோகஸ் எந்தச் சாளரத்திலிருந்து எந்தச் சாளரத்துக்குப் போகிறது என்பது ஒவ்வொரு வரியாகத் திரையில் விழும்.

கேள்வி: நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் நிரலைப் பிழைதிருத்தத்தில் ஓடவிட்டு, உலாவியில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, விஎஸ் கோட் முன்னால் வந்துவிடுகிறது.

பதில்: நீங்கள் வைத்த பிரேக்பாயிண்டை (நிரல் நிற்க வேண்டும் என்று குறித்த வரியை) நிரல் தொட்டிருக்கிறது. அங்கே நின்றதும் தன் சாளரத்துக்கு ஃபோகஸைக் கொண்டுவருவது விஎஸ் கோடின் இயல்பான அமைப்பு. அமைப்புகளில் டீபக் பகுதியில் ஃபோகஸ் விண்டோ ஆன் பிரேக் என்பதைத் தேடி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வங்கித் தளத்தில் கடவுச்சொல்லை அடிக்கும்போது பார்வை விசைப்பலகையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் முழுக் கடவுச்சொல்லும் எடிட்டரில் இருக்கிறது. உடனே அழித்துவிட்டேன், கோப்பைச் சேமிக்கவும் இல்லை. இது போதுமா?

பதில்: போதாது. இன்றைய எடிட்டர்கள், நீங்கள் சேமிக்காவிட்டாலும் எழுதியதைப் பாதுகாத்து வைக்கின்றன. நோட்பேட் பிளஸ் பிளஸ் இயல்பான அமைப்பில் 7 நொடிகளுக்கு ஒருமுறை, சேமிக்காத மாற்றங்களைத் தன் பேக்கப் கோப்புறையில் சாதாரண உரையாகவே எழுதி வைக்கிறது. விண்டோஸ் 11இன் நோட்பேடும் 2023ஆம் ஆண்டு முதல், மூடித் திறந்தாலும் சேமிக்காத எழுத்துகள் திரும்ப வரும்படி அவற்றைத் தானாகச் சேமிக்கிறது. மின்சாரம் போகும் ஊர்களில் இது பெரிய வரப்பிரசாதம். கடவுச்சொல் தவறி விழும்போது மட்டும் அதுவே எதிராகிறது. எடிட்டரில் அழித்த பிறகு அடுத்த பாதுகாப்புப் பிரதியில் அது இருக்காது என்றாலும், முந்தைய பிரதி எழுதப்பட்ட கோப்பு வட்டில் இருந்த காலத்தில், அந்தக் கோப்புறையைக் கிளவுடுக்கு அனுப்பும் மென்பொருளோ அலுவலகத்தின் காப்புப் பிரதி மென்பொருளோ அதைப் படித்திருக்கலாம். கிளிப்போர்டு வரலாறு இயக்கத்தில் இருந்து, நீங்கள் அந்த வரியைக் கட் செய்து நீக்கியிருந்தால், அங்கும் அது பதிவாகியிருக்கும்.

எனவே கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள். கோப்புறைகளைத் தேடித் துடைப்பதில் செலவிடும் நேரத்தைவிட அது குறைவுதான். இனிமேல் கடவுச்சொல் நிர்வாகி ஒன்றைப் பயன்படுத்துவது நல்லது. அந்தத் தளத்தின் பெட்டியில் அது நேரடியாக நிரப்பிவிடுவதால், நடுவில் ஃபோகஸ் எங்கே தாவினாலும் எழுத்துகள் வழிதவறுவதில்லை.

கேள்வி: நான் பார்வையற்றவன். என்விடிஏ திரைவாசிப்பானைத் தமிழ்க் குரலோடு பயன்படுத்துகிறேன். எடிட்டர் முன்னால் தாவும்போது, அஞ்சல் எழுதிக்கொண்டிருந்த நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பதே குழம்பிவிடுகிறது. பார்வையுள்ளவர்களுக்கு இது சிறு தொல்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து வழிதேட வேண்டியிருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தை மென்பொருள் எழுதுபவர்கள் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். திரையில் சாளரம் மாறினால் கண் ஒரே பார்வையில் பிடித்துவிடும்; காதுக்கோ, படித்துக்கொண்டிருந்த வாக்கியம் நடுவில் அறுந்து, புதிய சாளரத்தின் தலைப்பு ஒலிக்கத் தொடங்குகிறது. அதுவும் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது, ஒவ்வொரு விசை அழுத்தமும் பேச்சை நிறுத்திவிடுவதால், அந்தத் தலைப்புகூட முழுமையாகக் காதில் விழாமல் போகலாம்.

சந்தேகம் வந்த கணத்தில் என்விடிஏ விசையோடு டி அழுத்தினால் இப்போதைய சாளரத்தின் தலைப்பையும், என்விடிஏ விசையோடு டேப் அழுத்தினால் ஃபோகஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அது சொல்லும். பழைய இடத்துக்குத் திரும்ப ஆல்ட்-டேப் ஒருமுறை போதும். அஞ்சல் சாளரத்தில் கர்சர் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கும் என்பதால், மேலிருந்து வழிதேட வேண்டியதில்லை. என்விடிஏ விசையோடு 3 அழுத்தி, அடித்த சொற்களைப் படித்துக்காட்டும் வசதியையும் இயக்கி வைக்கலாம். எடிட்டரின் உள்ளீட்டு மொழி வேறாக இருந்தால், தமிழ்ச் சொல்லுக்குப் பதிலாகப் பொருளற்ற ஒலி கேட்கும். அந்த ஒலியே தாவல் நடந்துவிட்டதன் அறிகுறி. இவற்றோடு, ரெஜிஸ்ட்ரி பற்றிய பதிலில் சொன்ன முறையில், எடிட்டரை அழைப்பது யார் என்று ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில் அந்தத் தேடல் அவசியமானது.

கேள்வி: மேக் கணினியில் இந்தத் தொல்லை குறையுமா? அதற்காகவே மாறலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: அதற்காக மட்டும் மாற வேண்டாம். மேக்கிலும் மற்ற நிரல்களைப் பொருட்படுத்தாமல் முன்னால் வருவதற்கான வழி நிரலாளர்களுக்கு வெகுகாலம் திறந்தே இருந்தது. 2023இல் வந்த மேக்ஓஎஸ் 14 சொனோமாவில்தான் ஆப்பிள் அந்தப் பழைய முறையைக் கைவிடச் சொல்லி, முன்னால் இருக்கும் நிரல் விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது வரலாம் என்ற கூட்டுறவு ஏற்பாட்டுக்கு மாறியது. உங்களிடம் இப்போது இருக்கும் கணினி விண்டோஸ் என்றால், பணம் செலவழிப்பதற்கு முன், கண்ட்ரோல் பேனலில் சுட்டியை எளிதாகப் பயன்படுத்துவதற்கான பக்கத்தைத் திறந்து பாருங்கள். சுட்டி ஒரு சாளரத்தின் மேல் நின்றாலே அதை இயக்கும் தேர்வு ஒன்று அங்கே இருக்கிறது. அது தற்செயலாக இயங்கியிருந்தால், மேசை சற்று ஆடி, சுட்டி எடிட்டரின் ஓரத்தைத் தொட்டாலே ஃபோகஸ் அங்கே போய்விடும். அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்.